இரண்டு மலை, நடுவில் சூரியன்

(தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



உங்கள் கையில் ஒரு தாளும் பென்சிலும் கொடுத்து 'இயற்கைக் காட்சி' வரையச் சொன்னால் என்ன வரைவீர்கள் என்று எனக்குத் தெரியும். இரண்டு மலை. நடுவில் பாதிச் சூரியன், அதிலிருந்து குச்சி குச்சியாகக் கதிர்கள். மலையடியிலிருந்து வளைந்து வளைந்து வந்து, கீழே வர வர அகலமாகும் ஓர் ஆறு. இந்தக் கரையில் குடிசை, அந்தக் கரையில் தென்னை. வானத்தில் ஆசிரியர் 'டிக்' போட்டதுபோல நாலைந்து பறவைகள். சிரிக்கிறீர்கள், ஆனால் பென்சிலை எடுத்தால் கை தானாக அங்கேதான் போகும்.

இப்போது நாம் உட்கார்ந்திருப்பது திருவாரூர் மாவட்டம். இந்த மண்டபத்தின் மொட்டைமாடியில் ஏறி நாலு திசையும் பாருங்கள், மலை தெரிகிறதா? இங்கே சூரியன் தென்னந்தோப்புக்குப் பின்னாலிருந்தோ மின்கம்பிகளுக்கு நடுவிலிருந்தோதான் எழுகிறது. ஆறு என்றால் இரு கரையும் கட்டி, மதகு போட்டு, பாதிக் கோடையில் ஆகாயத்தாமரை மூடிக்கிடப்பது. இவ்வளவு பெரிய கமலாலயக் குளம் இருக்கிறது, ஆழித்தேர் இருக்கிறது, தேர் ஓடும் நாளில் அப்பா தோளில் உட்கார்ந்து பார்த்த பிள்ளை இருக்கிறது. அந்தப் பிள்ளை திங்கள்கிழமை பள்ளிக்கூடத்துக்கு வந்து, தான் பார்த்தே இராத இரண்டு மலையை வரைகிறது. இதற்கு நாம் 'வெரி குட்' போடுகிறோம்.

இந்த நோய் நமக்கு மட்டும் வந்ததில்லை. அமெரிக்காவில் கலைக்கல்வி பற்றி எழுதிவந்த ஆர்தர் எஃப்லாண்ட் 1976இல் ஒரு கட்டுரையில் இதற்குப் 'பள்ளிக்கூடக் கலைப் பாணி' என்று பேர் வைத்தார். அந்தப் பாணியைப் பிள்ளைகள் வீட்டில் தாங்களாகக் கிறுக்குவதிலும் பார்க்க முடியாது, ஓவியர்கள் உலகத்திலும் பார்க்க முடியாது. பள்ளிக்கூடத்துக்குள் பிறந்து பள்ளிக்கூடத்துக்குள்ளேயே வாழ்வது அது. பார்க்க அழகாக இருக்கும், சுவரில் ஒட்டலாம், ஆய்வுக்கு வருகிறவர் தலையாட்டிவிட்டுப் போவார். நம்முடைய இரண்டு மலையை எஃப்லாண்ட் பார்த்திருந்தால் அந்தக் கட்டுரைக்கு இன்னும் நாலு பக்கம் சேர்த்திருப்பார்.

சரி, யாரும் மலையைச் சொல்லித்தராவிட்டால் பிள்ளை என்ன வரையும்? இதை முதலில் கவனித்தவர்களில் ஒருவர் இத்தாலிய அறிஞர் கொராதோ ரிச்சி. 1882-83 குளிர்காலத்தில் பொலோனியா நகரத்தில் மழைக்கு ஒதுங்கி ஒரு நடைமண்டபத்தில் நின்றார். சுவர் முழுக்கக் கரிக் கிறுக்கல். மேலே, பெரிய பையன்களின் கை எட்டும் உயரத்தில் இருந்தவை கொஞ்சம் அசிங்கமானவை. கீழே, சின்னக் கை மட்டுமே எட்டும் உயரத்தில் இருந்த படங்கள் வேறு மாதிரி இருந்தன. அவை எவ்வளவு கோணலோ அவ்வளவு உயிரோடும் இருந்தன. மழைக்கு ஒதுங்கியவர் சும்மா போகவில்லை. 1887இல் குழந்தைகளின் கலை பற்றி ஒரு சிறு நூலே எழுதிவிட்டார். அவருக்குப் பின் பிரான்சில் லூக்கே தன் மகளின் படங்களைச் சேர்த்துவைத்து ஆராய்ந்து 1913இல் நூல் போட்டார். அமெரிக்காவில் ரோடா கெல்லாக் லட்சக்கணக்கில் குழந்தைப் படங்களைத் திரட்டினார்.

இவர்கள் எல்லாரும் கண்டதை நம் வீட்டுத் தரையிலேயே பார்க்கலாம். இரண்டு வயதில் கிறுக்கல். கை ஆடுவதே அதில் சுகம். மூன்று வயதை ஒட்டி ஒருநாள் கோடு சுற்றிவந்து தன் வாலைத் தானே பிடித்துக்கொள்ளும், வட்டம் வந்துவிடும். அந்த வட்டத்துக்கு இரண்டு புள்ளி வைத்தால் கண். கீழே இரண்டு கோடு இழுத்தால் கால். ஆள் தயார். உடம்பு கிடையாது, கை சில சமயம் காதிலிருந்து கிளம்பும். தலைப்பிரட்டை போன்ற இந்த மனிதனை உலகத்தின் பல மூலைகளிலும் பிள்ளைகள் வரைகிறார்கள். பிறகு பள்ளி வயதில் தாளின் அடியில் ஒரு தரைக்கோடு வரும். எல்லாம் அதன்மேல் வரிசையாக நிற்கும். தாளின் உச்சியில் நீலமாக ஒரு பட்டை வானம். நடுவில் வெள்ளையாக விட்டிருக்கிறாயே, அது என்னடா என்று கேட்டுப் பாருங்கள். "காத்து, சார்" என்று பதில் வரும். இதற்கு மேல் சரியாக எப்படிச் சொல்வது?

ஆறு வயதுப் பிள்ளை டவுன் பஸ் வரைவதைக் கொஞ்சம் நின்று பாருங்கள். பஸ் பக்கவாட்டில் நிற்கும், ஆனால் நாலு சக்கரமும் தெரியும். டிரைவரின் ஸ்டியரிங் மட்டும் மேலேயிருந்து பார்த்ததுபோல முழு வட்டம். தகரத்தை ஊடுருவிப் பயணிகளின் கால்கள் தெரியும், கண்டக்டரின் பை தெரியும், பைக்குள் இருக்கும் சில்லறையும் தெரியும். விசில் வாயில் இருக்கும், விசிலின் சத்தம்கூடப் புள்ளிப் புள்ளியாக வெளியே போகும். நாம் என்ன சொல்கிறோம்? "இந்தப் பக்கமிருந்து பார்த்தா ரெண்டு சக்கரம்தானே தெரியும்? ரெண்டை அழி." பிள்ளை பஸ்ஸை ஒரு மூலையில் நின்று பார்த்து வரையவில்லை. அதில் ஏறியிருக்கிறது, கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறது, சில்லறைக்குச் சண்டை போட்டதைக் கேட்டிருக்கிறது. தெரிந்ததையெல்லாம் ஒரே தாளில் வைக்கிறது. லூக்கே சொன்னதும் இதைத்தான்: இந்த வயதில் பிள்ளை கண்ணுக்குத் தெரிவதை விட்டுவிட்டுத் தனக்குத் தெரிந்ததை வரைகிறது. ஒரு கோணத்திலிருந்து மட்டும் பார்க்கும் வழக்கம் எட்டு ஒன்பது வயதை ஒட்டி மெல்ல வரும். அதை ஒன்றாம் வகுப்பில் ரப்பர் வைத்து வரவழைக்க முடியாது. ரப்பரால் வரவழைக்க முடிந்தது ஒன்றே ஒன்றுதான்: "எனக்கு வரைய வராது சார்" என்ற பேச்சு.

இங்கே ஓர் எதிர்க்கேள்வி வரும். அப்படியானால் ஒன்றும் சொல்லித்தராமல், தாளைக் கொடுத்துவிட்டு ஒதுங்கி உட்கார்ந்துகொள்வதா? அப்படிச் சொன்னவர்கள் இருந்திருக்கிறார்கள். வியன்னாவில் 1897இல் சிறுவர் கலை வகுப்பு தொடங்கிய ஃபிரான்ஸ் சிசெக் அவர்களில் பெரியவர். பிள்ளைகளைத் தங்கள் போக்கில் வளரவிடுங்கள், நடுவில் புகாதீர்கள் என்றார். அந்தக் காலத்தில் ஐரோப்பியப் பள்ளிகளில் ஓவிய வகுப்பென்றால் கனசதுரத்தையும் கூம்பையும் பார்த்து நகலெடுப்பது. அந்தக் கட்டைச் சிசெக் உடைத்தார். அதற்காக அவரை வணங்கலாம். ஆனால் அவர் வகுப்பில் பிள்ளைகள் செய்த படங்களின் அச்சுப் பிரதிகளைப் பாருங்கள். பலவற்றில் ஒரே மாதிரிப் பூ, ஒரே மாதிரி அலங்காரம், ஒரே மாதிரி வெட்டு. பார்த்ததும் 'இது சிசெக் வகுப்பு' என்று சொல்லிவிடலாம். குறுக்கிடவில்லை என்று சொல்லிக்கொண்டவரின் ரசனையைப் பிள்ளைகள் மோப்பம் பிடித்துவிட்டார்கள். நாம் வாய் திறக்காவிட்டாலும் எந்தப் படத்தைப் பார்த்து நம் முகம் மலர்கிறது என்பது அவர்களுக்குத் தெரியும்.

அதுபோக, பிள்ளைகள் வெறும் வெளியிலிருந்து வரைவதில்லை. 1977இல் பிரெண்ட் வில்சன், மார்ஜரி வில்சன் என்ற இருவரும் இதை வாதிட்டு எழுதினார்கள்: பிள்ளைகள் பிறர் வரைந்த படத்தைப் பார்த்துத்தான் படம் வரையக் கற்கிறார்கள். உண்மை. பக்கத்து வீட்டு அண்ணன் வரைந்த பைக்கைப் பார்த்துத் தம்பி வரைகிறான். அம்மா போடும் கோலத்தைப் பார்த்து மகள் போடுகிறாள். ஏழு புள்ளிக்கு அம்மா போட்டதை ஒன்பது புள்ளியாக்கி, வாசல் கொள்ளாமல் தெருவுக்கு இழுத்துக்கொண்டு போகிறாள். அங்கே பார்த்துச் செய்வதில் ஒரு குறையும் இல்லை. எதைப் பார்ப்பது, எந்த இடத்தில் விலகுவது என்று பிள்ளையே முடிவு செய்கிறது. கரும்பலகையில் ஆசிரியர் ஒரு மாம்பழத்தை வரைந்து நாற்பது பேரையும் அதே மாம்பழத்தை வரையச் சொல்லும்போது அந்த முடிவு பிள்ளையின் கையைவிட்டுப் போகிறது. எனக்கு இருக்கிற சண்டை அந்த மாம்பழத்தோடுதான்.

ஆகவே சொல்லித்தர வேண்டும். எதை என்பதுதான் விஷயம். முடிந்த படத்தைத் தராதீர்கள். பொருளைக் கையாளச் சொல்லிக்கொடுங்கள், பார்க்கக் கற்றுக்கொடுங்கள், கேள்வி கேளுங்கள்.

பொருள் என்றேன். அரசுப் பள்ளிகளுக்கு விலையில்லாப் பொருள்களோடு கிரையானும் வண்ணப் பென்சிலும் வருகின்றன. கிரையானைப் பென்சில்போல முனையால் மட்டுமே பிடித்துத் தேய்க்கிறார்கள் பிள்ளைகள். மேலே சுற்றிய தாளை உரித்துப் படுக்கவைத்து இழுத்தால் அகலப் பட்டையாக வரும் என்று ஒருதரம் காட்டுங்கள், போதும். தாளுக்கடியில் அரச இலையை வைத்து மேலே தேய்த்தால் நரம்பு நரம்பாக எழும். அஞ்சு ரூபாய்க் காசை வைத்து நீங்களெல்லாம் செய்ததுதான். கிரையானால் அழுத்தி வரைந்து அதன்மேல் நீர்வண்ணத்தைப் பூசினால் மெழுகு பட்ட இடத்தில் தண்ணீர் ஒட்டாது. மழை பெய்கிற படம் அதில் தானாகவே அமையும். பிரஷ் கொடுத்தால் இரண்டு குவளைத் தண்ணீர் வையுங்கள், ஒன்று கழுவ, ஒன்று கலக்க. வண்ணம் கலக்கக் கொட்டாங்கச்சி போதும். பச்சையைக் கொடுக்காதீர்கள். மஞ்சளும் நீலமும் கொடுங்கள். பச்சை டப்பா கையில் இருந்தால் நாற்றங்காலுக்கும் அதே பச்சை, கதிர் முற்றின வயலுக்கும் அதே பச்சை, தென்னைக்கும் அதே பச்சை. கலக்கச் சொன்னால் பத்துப் பிள்ளைகளுக்குப் பத்துப் பச்சை வரும், அதில் எது நாற்றங்கால் என்று அவர்களுக்குள்ளேயே வழக்கு நடக்கும்.

காசில்லாத வண்ணமும் இருக்கிறது. மஞ்சள்தூளைத் தண்ணீரில் குழைத்துத் தாளில் பூசிக் காயவிடுங்கள். பஞ்சைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து அதன்மேல் வரையச் சொல்லுங்கள். கோடு போகப் போகச் செக்கச்செவேலென்று எழும். ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவப்பதும் இதே வேலைதான். சுண்ணாம்பு பிள்ளைகள் கண்ணில் பட்டால் ஆபத்து, அதனால் சோப்பே நல்லது. குழம்புக் கறை பட்ட சட்டை சோப்பு பட்டதும் ஏன் சிவந்தது என்று அன்று மாலை வீட்டில் அம்மாவுக்குப் பாடம் நடக்கும்.

வண்ணத்தைப் பற்றிப் பேசும்போது ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. கிரையான் பெட்டியில் வெளிறிய ஆரஞ்சில் ஒரு குச்சி இருக்கிறதே, அதைப் பிள்ளைகள் எப்படிக் கூப்பிடுகிறார்கள்? "ஸ்கின் கலர் குடுடா." கேட்பவன் கையும் கொடுப்பவன் கையும் நல்ல கருப்பு. அமெரிக்காவில் கிரையோலா கம்பெனி 'சதை நிறம்' என்று விற்றுவந்த குச்சிக்கு 1962இல் பீச் பழத்தின் பேரை மாற்றி வைத்தது. நம் வகுப்பறையில் அறுபது வருஷம் கழித்தும் அந்தக் குச்சி ஸ்கின் கலராகவே இருக்கிறது. தன் அம்மாவை வரைகிற பெண், அம்மாவின் முகத்துக்கு அதை எடுத்துப் பூசுகிறாள். ஒரு வகுப்பை இதற்கென்றே ஒதுக்குங்கள். எல்லாரும் சட்டைக் கையை மடக்கிப் புறங்கையை நடுவில் நீட்டட்டும், ஆசிரியரும் நீட்டட்டும். சிவப்பு, மஞ்சள், கொஞ்சம் நீலம் கலந்து அவரவர் கையின் நிறத்தை அவரவர் உண்டாக்கித் தாளின் ஓரத்தில் தடவி, கையைப் பக்கத்தில் வைத்துச் சரிபார்க்கட்டும். உள்ளங்கை வேறு, புறங்கை வேறு, முட்டி வேறு என்பதை அவர்களே கண்டுபிடிப்பார்கள். கருப்பைப் பற்றி நாம் எந்தப் பிரசங்கமும் செய்ய வேண்டியதில்லை.

பார்ப்பது என்றேன். அதற்குக் காகம் போதும். வகுப்பு ஜன்னலுக்கு வெளியே மதிய உணவு நேரத்தில் தவறாமல் வந்து உட்காரும். பறவை வரையச் சொன்னால் பிள்ளைகள் டிக் போடுவார்கள். காக்கா என்ன நிறம் என்று கேளுங்கள். "கருப்பு!" நாற்பது குரல். போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று அனுப்புங்கள். திரும்பிவந்ததும் யாராவது ஒரு பிள்ளை தயங்கித் தயங்கிச் சொல்லும்: "டீச்சர், கழுத்துக்கிட்ட சாம்பல் கலர்." இல்லவே இல்லை என்று இன்னொன்று கத்தும். மறுபடி அனுப்புங்கள். நம் வீட்டுக் காகத்துக்குக் கழுத்து சாம்பல்தான். உடம்பு முழுக்கக் கருப்பு என்றால் அது அண்டங்காக்கை. இப்போது கேள்விகளை விடுங்கள். அலகு நேராக இருந்ததா, நுனியில் வளைந்ததா? உட்கார்ந்திருக்கும்போது வால் எங்கே போகிறது? சோற்றைப் பார்க்கும்போது தலையை ஏன் சாய்க்கிறது? வெயிலில் சிறகில் நீலம் மின்னியதா? எதற்கும் நீங்கள் பதில் சொல்லாதீர்கள். பலகையில் ஒரு கோடுகூட இழுக்காதீர்கள். பிறகு தாளைக் கொடுங்கள். வருகிற காகங்கள் அழகாக இருக்கும் என்று நான் உத்தரவாதம் தர மாட்டேன். சிலவற்றுக்கு நாலு கால்கூட இருக்கும். ஆனால் ஒன்றுபோல இன்னொன்று இருக்காது, பலவற்றில் கழுத்து சாம்பலாக இருக்கும்.

நேரம் எங்கே இருக்கிறது என்பீர்கள். நியாயம். தொடக்கப் பள்ளியில் ஓவியத்துக்கென்று தனி ஆசிரியர் இல்லை. 2012இல் அரசு 16,549 பகுதிநேர ஆசிரியர்களை நியமித்தபோது அதில் ஓவியமும் இருந்தது, ஆனால் அது ஆறிலிருந்து எட்டாம் வகுப்பு வரை.  கீழ் வகுப்புகளில் தமிழும் கணக்கும் நடத்துகிற நீங்கள்தான் ஓவியத்துக்கும் ஆள். 2022இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வேறு. அதில் பிள்ளை எழுத வேண்டும், வாசிக்க வேண்டும், நீங்கள் கணக்குக் காட்ட வேண்டும்.

இந்த இடத்தில் காந்தியை ஒருமுறை கேட்டுப் பாருங்கள். தன் கையெழுத்து மோசமாக இருந்ததற்குச் சத்திய சோதனையில் வெட்கப்பட்டு எழுதுகிறவர், பிள்ளைகளுக்கு எழுத்துக்கு முன்னால் சித்திரம் சொல்லித்தர வேண்டும் என்கிறார். பறவையையும் பூவையும் கவனித்து வரைந்த கைக்கு எழுத்து தானாக அழகாக வரும் என்பது அவர் எண்ணம். பிற்பாடு அவருடைய சேவாகிராமத்துப் பள்ளிக்கு, சாந்திநிகேதனில் பயின்ற தேவி பிரசாத் 1944இல் ஓவிய ஆசிரியராக வந்தார். அங்கே கிராமத்துப் பிள்ளைகளோடு வேலை செய்த அனுபவத்திலிருந்து எழுதியதுதான் 'கலை: கல்வியின் அடித்தளம்' என்ற நூல். அதனால் ஓவியத்துக்குத் தனி பீரியட் தேட வேண்டாம். காகம் வரைந்து முடித்த பிள்ளையிடம் "இதைப் பத்திச் சொல்லு" என்று கேளுங்கள். 'இது என்ன' என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்வியில் 'எனக்குப் புரியவில்லை' என்ற குறை தொக்கி நிற்கிறது. பிள்ளை சொல்வதை அதன் பேச்சிலேயே படத்துக்கடியில் எழுதுங்கள், படத்தின்மேல் எழுதாதீர்கள். "இந்தக் காக்கா எங்க பாட்டி. சோறு வைக்கலன்னா கோவிச்சுக்கும்." தான் சொன்னதை எழுத்தில் பார்க்கிற பிள்ளை அதைத் தானே வாசிக்கும். அன்றைக்கு வாசிப்பும் முடிந்தது.

சுவரையும் பாருங்கள். செயல்வழிக் கற்றல் 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி 2007இல் மாநிலம் முழுக்க வந்தபோது வகுப்பறைச் சுவரின் அடியில் பிள்ளைகளின் கை எட்டும் உயரத்தில் கரும்பலகை அடித்தார்கள். பல பள்ளிகளில் அது இன்னும் இருக்கிறது, மேலே பீரோவோ பெஞ்சோ சாய்ந்திருக்கிறது. நகர்த்துங்கள். ரிச்சி மழைக்கு ஒதுங்கிப் பார்த்த சுவரின் கீழ்ப்பகுதியை அரசாங்கமே நமக்குக் கட்டிக் கொடுத்திருக்கிறது. சாக்பீஸ் துண்டுகளை ஒரு டப்பாவில் போட்டு அங்கே வைத்துவிட்டால், வேலையை முடித்துவிட்டுச் சும்மா இருக்கிற பிள்ளை அங்கே போகும்.

போட்டிகள் பற்றி ஒரு வார்த்தை. ஐந்து வயதுப் பிள்ளைக்கு 'மரம் வளர்ப்போம்' என்று தலைப்பு கொடுத்து, ஒரு மணி நேரம் கொடுத்து, முதல் பரிசுக்குக் கோப்பை கொடுக்கிறோம். கோப்பையை வாங்குகிறவர் பெரும்பாலும் அப்பாதான். வீட்டில் மூன்று நாள் பழக்கி அனுப்பியவரும் அவர்தான். கார்ட்டூனிஸ்ட் சங்கர் 1949இல் பிள்ளைகளுக்கு ஓவியப் போட்டி தொடங்கியதை நான் மறக்கவில்லை. அதில் உலகம் முழுவதிலிருந்தும் படங்கள் வந்தன. நம் ஊர்ப் போட்டிகளில் இன்னும் இரண்டு மலைதான் வருகிறது. மூன்றாம் வகுப்பு வரையாவது போட்டி வேண்டாம் என்பது என் கட்சி. பெற்றோர்கள் கோபித்துக்கொள்ளலாம்.

பிள்ளையின் படத்தில் கை வைக்காதீர்கள். மூக்கைக் கொஞ்சம் சரி பண்ணித் தருகிறேன் என்று நாம் இழுக்கிற ஒரு கோடு மற்ற எல்லாக் கோட்டையும் கேலி செய்யும். 'சூப்பர்' என்றும் சொல்லிக்கொண்டே போகாதீர்கள். நாற்பது பேருக்கும் அதே சூப்பர் என்றால் ஒருவர் படத்தையும் நாம் பார்க்கவில்லை என்று அவர்களுக்கே தெரிந்துவிடும். கண்ணில் பட்டதைச் சொல்லுங்கள்: "கண்டக்டர் பையில சில்லறை கூட வச்சிருக்கியே."

கடைசியாக, படங்களைச் சுவரில் மாட்டுகிற விஷயம். நல்லதாகப் பத்தைப் பொறுக்கி மாட்டாதீர்கள், நாற்பதையும் மாட்டுங்கள். இடம் இல்லாவிட்டால் மூங்கில் குச்சியில் நூல் கட்டித் துணிக்கிளிப் போட்டு வாரம் இருபதாக மாற்றுங்கள். உயரம் ஆசிரியர் கண்ணுக்கு வேண்டாம், பிள்ளை கண்ணுக்கு இருக்கட்டும், தரையிலிருந்து மூன்றடி. ஆய்வுக்கு வருகிற அலுவலர் குனிந்து பார்க்கட்டும். இறக்குகிற படத்தைக் கிழித்துப்போடாமல் பிள்ளைக்கொரு பழைய காலண்டர் அட்டையை மடித்துக் கோப்பாக்கி அதில் வையுங்கள். படத்தின் பின்பக்கம் மூலையில் பேரும் தேதியும் பென்சிலால் எழுதுங்கள். தேதி இல்லாவிட்டால் ஜூன் மாதத்துக் காக்காவையும் மார்ச் மாதத்துக் காக்காவையும் அந்தப் பிள்ளையின் அம்மாவிடம் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்ட முடியாது.